கண்ணாடியைக் கீறினால் அசல் கல்லா?

கேள்வி: குடும்பத்தில் வழிவழியாக வந்த மூன்று கற்கள் என்னிடம் உள்ளன. எதுவும் நகையில் பதிக்கப்படவில்லை. சிவப்பு 3 கேரட், நீலம் அதைவிடச் சற்றுப் பெரியது, பச்சை 2 கேரட். மூன்றும் கண்ணாடியைக் கீறுகின்றன. வாயால் ஊதினால் படியும் ஆவி சட்டென்று மறைகிறது. வைரம் சோதிக்கும் பேனாவையும் வைத்துப் பார்த்தேன், பயனில்லை. சிவப்புக் கல்லில் துளி மாசு இல்லை. பச்சைக் கல்லுக்குள் ஏகப்பட்ட கீற்றுகள். சுத்தமாக இருந்தால் செயற்கை, கீற்று இருந்தால் இயற்கை என்கிறார் தெரிந்தவர் ஒருவர். இது சரியா? நானே வீட்டில் எந்த அளவுக்குக் கண்டுபிடிக்க முடியும்?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். கீறிப் பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கல் கண்ணாடியைக் கீறும்போதே கல்லின் பட்டை விளிம்பும் சிதறும். பச்சைக் கல் மரகதமாக இருந்தால், உள்ளே இருக்கும் கீற்று வழியாகப் பிளக்கவும் செய்யலாம். இவ்வளவு ஆபத்துக்கும் ஈடாக அந்தச் சோதனை உங்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: இவை சாதாரணக் கண்ணாடி இல்லை. ஆவிச் சோதனை அந்த அளவுக்குக்கூட உறுதியானதல்ல. அறையின் ஈரப்பதமும் கல்லின் அளவும் மாறினால் அதன் விடையும் மாறும்.

செயற்கைக் கல்லுக்கும் போலிக் கல்லுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். மாணிக்கம் போலத் தெரியும் சிவப்புக் கண்ணாடி போலி. ஆய்வகத்தில் வளர்த்த மாணிக்கமோ பொருளளவில் மாணிக்கமேதான். மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தம் என்ற ஒரே கனிமம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. பூமியில் விளைந்தாலும் உலையில் விளைந்தாலும் அதன் கடினம் மோஸ் அளவுகோலில் 9, அடர்த்தி 4.00, ஒளிவிலகல் எண் 1.762 முதல் 1.770 வரை. கடினம், எடை, பளபளப்பு, வெப்பம் கடத்துதல் இவற்றை வைத்துச் செய்யும் எந்தச் சோதனையிலும் இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். வேறுபாடு இருப்பது கல் வளர்ந்த விதத்தில். அந்த விதம் கல்லின் உள்ளே தடம் விட்டுச் செல்கிறது. அந்தத் தடத்தைத் தேடுவதுதான் நம் வேலை.

வழிவழியாக வந்தது என்பதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னேய் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். 1910-ஐ ஒட்டி நீலக்கல்லும் அதே முறையில் வரத் தொடங்கியது. நூறாண்டு பழைய நகையிலும் செயற்கைக் கல் இருக்க வாய்ப்பு உண்டு.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. 10 மடங்கு பெரிதாக்கும் லூப், வெள்ளை ஒளி தரும் சிறிய டார்ச், மென்மையான முனை உள்ள இடுக்கி, 0.001 கிராம் வரை காட்டும் சிறு தராசு, போலராய்டு குளிர்க்கண்ணாடியின் ஒரு வில்லை. லூப்பைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, கல்லை அதிலிருந்து சுமார் 2.5 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பலர் லூப்பைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். ஒளியைக் கல்லின் முகத்தில் அடிக்காதீர்கள். பக்கவாட்டிலிருந்து கொடுங்கள், பின்னால் கறுப்புத் துணி இருக்கட்டும். அப்போது கல்லுக்குள் இருக்கும் பொருட்கள் இருட்டில் வெளிச்சமாகத் தெரியும். பார்ப்பதற்கு முன் கல்லைத் துடைத்துவிடுங்கள். மேலே ஒட்டிய தூசியை உள்ளே இருக்கும் மாசு என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

முதல் படி, கல் எந்தக் கனிமம் என்று அறிவது. போலராய்டு வில்லை இங்கே நன்றாக உதவும். கல்லை வெள்ளைத் தாளின் மேல் வெளிச்சத்தில் வைத்து, வில்லை வழியாகப் பார்த்தபடி வில்லையை மெல்லச் சுழற்றுங்கள். மாணிக்கமாக இருந்தால் நிறம் ஊதா கலந்த சிவப்புக்கும் ஆரஞ்சு கலந்த சிவப்புக்கும் இடையே மாறும். ஒரு திசையில் மாறாவிட்டால் கல்லைத் திருப்பி வைத்து வேறு திசையிலிருந்து பாருங்கள். எந்தத் திசையிலும் நிறம் அசையவே இல்லை என்றால் அது ஸ்பினல், கார்னெட் என்ற வேறு கனிமங்கள், கண்ணாடி இவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும். நீலக்கல்லில் நீலமும் பச்சை கலந்த நீலமும் மாறி வரும். மரகதத்தில் நீலப்பச்சையும் மஞ்சள்பச்சையும் வரும்.

அடுத்து அடர்த்தி. ஒரு சிறு குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை மெல்லிய நைலான் இழையில் கட்டி, தராசைத் தொடாத ஒரு தாங்கியிலிருந்து தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கச் செய்யுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. தராசு இப்போது காட்டுவது கல் இடம்பெயர்த்த நீரின் எடை. கல்லின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். உங்கள் 3 கேரட் சிவப்புக் கல் 0.600 கிராம். குருந்தமாக இருந்தால் தராசு 0.150 காட்டும். சிவப்பு ஸ்பினல் 0.166-ஐ ஒட்டியும், கியூபிக் சிர்கோனியா என்ற செயற்கைப் போலி 0.10-ஐ ஒட்டியும் காட்டும். சில கார்னெட்கள் குருந்தத்துக்கு மிக அருகில் வரும் என்பதால்தான் போலராய்டு சோதனையை முதலில் செய்யச் சொன்னேன். கல்லில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழியே கணக்கைக் கெடுத்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, கல்லை ஒருமுறை குலுக்கி இறக்குங்கள். 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் தராசு இந்த வேலைக்கு ஆகாது. 0.15-இல் 0.01 பிசகினால் விடை 3.75-க்கும் 4.29-க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும்.

குருந்தம்தான் என்று தெரிந்தபின் சிவப்புக் கல்லின் உள்ளே போவோம். சந்தையில் உள்ள செயற்கை மாணிக்கங்களில் பெரும்பாலானவை இன்றும் வெர்னேய் முறையில் வந்தவைதான். மிக நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு தூளைச் சிறிது குரோமியம் ஆக்சைடுடன் கலந்து, ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சுடர் வழியே விழவிடுகிறார்கள். குருந்தம் உருகுவது சுமார் 2050 டிகிரி செல்சியஸில். உருகிய துளிகள் கீழே சுழலும் தாங்கியில் படிந்து, சில மணி நேரத்தில் விரல் பருமனுள்ள ஓர் உருளையாக எழும்பும். அந்த உருளையின் தலை குவிந்து வளைந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு அடுக்கும் வளைந்தே படியும். பூமிக்குள் வளரும் படிகத்துக்குத் தட்டையான முகங்கள் உண்டு. அடுக்குகள் அந்த முகங்களுக்கு இணையாக நேர்கோட்டில் படிந்து, 120 டிகிரி கோணத்தில் மடங்கும். வளைகோடு உலையில் விளைந்த கல், நேர்கோடு முகத்தோடு வளர்ந்த படிகம். இந்தத் துறையில் இதைவிட நம்பகமான அடையாளம் வேறு அதிகமில்லை.

இந்த வளைகோடுகளைக் காண்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். உச்சியில் இருக்கும் பெரிய பட்டை வழியாக மட்டும் பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் குழந்தைகளுக்குப் பூசும் நிறமற்ற எண்ணெய் ஊற்றிக் கல்லை மூழ்கவிடுங்கள். பட்டைகளின் பிரதிபலிப்பு வெகுவாகக் குறைந்து உட்புறம் தெளியும். கிண்ணத்துக்கு அடியில் ஒரு மெல்லிய வெள்ளைத்தாளும் அதற்கும் கீழே டார்ச்சும் இருக்கட்டும். லூப்பில் பார்த்தபடி கல்லை இடுக்கியால் மிக மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில், கிராமஃபோன் இசைத்தட்டின் வரிகள் போல நெருக்கமான மெல்லிய வளைகோடுகள் தோன்றும். சிறிது சாய்த்தால் மறைந்துவிடும். கல்லின் அடிப்புறத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தேடுங்கள். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

மெருகேற்றும்போது விழும் கோடுகளை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மெருகுக்கோடு மேற்பரப்பில் இருக்கும், பட்டைக்குப் பட்டை அதன் திசை மாறும். வளர்ச்சிக்கோடு பட்டை விளிம்பைப் பொருட்படுத்தாமல் அடுத்த பட்டைக்கு அடியிலும் தொடர்ந்து ஓடும்.

வளைகோட்டோடு வரும் இன்னோர் அடையாளம் காற்றுக்குமிழி. உருண்டையாகவோ ஒரு பக்கம் வால் நீண்டோ இருக்கும். ஓரம் அழுத்தமான கறுப்பு, நடுவில் பளிச்சென்ற புள்ளி. சில கற்களில் தனித்தனியாக, சிலவற்றில் மேகம் போலக் கூட்டமாக வரும். இயற்கைக் கல்லில் உள்ள சிறு படிகங்களும் சில நேரம் உருண்டையாகத் தெரியும். ஆகவே குமிழியை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் வளைகோட்டையும் தேடுவதே நல்லது.

இயற்கைக் கல் என்றால் தேட வேண்டியவை வேறு. ரூட்டைல் என்ற கனிமத்தின் மயிரிழை போன்ற ஊசிகள் மூன்று திசைகளில், 60 டிகிரி கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். டார்ச்சைச் சாய்வாக அடித்தால் பட்டு இழைபோல மின்னும். தொழிலில் இதைப் பட்டு என்றே சொல்கிறார்கள். சூடாக்கிய கல்லில் அந்த ஊசிகள் உடைந்து புள்ளிப் புள்ளியாக வரிசை கட்டி நிற்கும். சிறு படிகத்தைச் சுற்றித் தட்டு வடிவத்தில் ஒரு வெடிப்பு, பாதி ஆறிய வெடிப்பில் கைரேகை போன்ற துளி வரிசை, நேர்கோட்டு நிறப்பட்டைகள் ஆகியவையும் இயற்கையின் பக்கம் பேசும்.

பேசும் என்றுதான் சொல்கிறேன். உறுதி என்று சொல்லவில்லை. காரணம் உண்டு. வெர்னேய் கல்லை நன்கு சூடாக்கிக் குளிர்ந்த திரவத்தில் போட்டால் உள்ளே வெடிப்புகள் விழும். அந்த வெடிப்புகளுக்குள் வேறு பொருளைப் புகுத்திச் சூடேற்றினால் கைரேகை போன்ற தோற்றம் அச்சு அசலாக வந்துவிடும். இப்படி வேண்டுமென்றே கீற்று உண்டாக்கிய கற்கள் ஏராளமாகப் புழங்குகின்றன. உங்களுக்குத் தெரிந்தவரின் விதி இங்கேதான் உடைகிறது. அவற்றிலும் கைரேகைக்குப் பின்னால் வளைகோடுகள் அப்படியே இருக்கும். கைரேகையைக் கண்டதும் தேடலை நிறுத்துபவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

ஃப்ளக்ஸ் எனப்படும் உருகிய உப்புக்கலவையில் மாதக்கணக்கில் மெதுவாக வளர்த்த மாணிக்கம் இன்னொரு வகை. அதில் வளைகோடு வராது, நேர்கோட்டு வளர்ச்சியே இருக்கும். அதனுள் சிக்கிய ஃப்ளக்ஸ், திரைச்சீலை முறுகியது போலவோ தடித்த வெள்ளை, ஆரஞ்சுத் துளிகளாகவோ தெரியும். சில கற்களில் உலைப்பாத்திரத்திலிருந்து வந்த பிளாட்டினம் முக்கோணம் அல்லது அறுகோணத் தகடாக உலோகம்போல மின்னும். அந்தத் தகட்டைக் கண்டால் கேள்வி முடிந்தது. காணாவிட்டால் லூப்பை நம்பித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. தரம் குறைந்த இயற்கை மாணிக்கத்தின் வெடிப்புகளை ஈயக்கண்ணாடியால் நிரப்பி விற்கிறார்கள். அந்தக் கண்ணாடிக்குள் தட்டையான குமிழிகள் இருக்கும். குமிழி தெரிகிறதே என்று இதைச் செயற்கை எனத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லை ஆட்டிப் பார்த்தால் வெடிப்பு நெடுக நீல நிற மின்னல் ஓடும். இது இயற்கைக் கல்தான். ஆனால் கண்ணாடியையும் சேர்த்தே எடை காட்டுகிறது. எலுமிச்சைச் சாறு, நகை பற்றவைக்கும் சுடர் இரண்டுமே அந்த நிரப்பைக் கெடுத்துவிடும்.

உங்கள் சிவப்புக் கல் மாசில்லாமல் இருப்பது சந்தேகத்துக்கு நியாயமான காரணம். 3 கேரட்டில் மாசற்ற இயற்கை மாணிக்கம் மிக அரிது. அரிது என்பதாலேயே அது செயற்கை ஆகிவிடாது. மாசில்லை என்று நீங்கள் நினைப்பது எண்ணெயில் மூழ்கடித்துப் பார்த்தபின்னும் நிற்கிறதா என்று பாருங்கள். போலராய்டு வில்லையை மறுபடி எடுத்து, உச்சிப் பட்டை வழியாக மட்டும் பார்த்தபடி சுழற்றுங்கள். இயற்கைக் கல்லை நல்ல நிறம் உச்சியில் தெரியும்படி வெட்டுவது வழக்கம். அந்தத் திசையில் நிற மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. வெர்னேய் கல்லில் எடையை மிச்சப்படுத்துவதையே பார்த்து வெட்டுவதால், உச்சி வழியாகவே நிறம் பளிச்சென்று மாறுவது அடிக்கடி நடக்கும். இது சந்தேகத்தை ஒரு படி உயர்த்தும், அவ்வளவுதான்.

நீலக் கல்லுக்கும் இதே எண்ணெய்க் கிண்ணம்தான். மாணிக்கத்தைவிட இதில் வேலை எளிது. வெர்னேய் நீலத்தில் வளைவுகள் மெல்லிய கோடாக இல்லாமல் அகலமான மங்கிய நிறப்பட்டைகளாக இருக்கும். வெள்ளைத்தாளின் மேல் வெறும் கண்ணுக்கே தெரிந்துவிடுவதும் உண்டு. இயற்கை நீலத்தில் நிறப்பட்டைகள் நேராக, அறுகோணத்தின் மூலைபோல மடங்கி நிற்கும். புறஊதா விளக்கை நம்பி அவசரப்படாதீர்கள். கடையில் கிடைக்கும் 365 நானோமீட்டர் டார்ச் நீள் அலை மட்டும் தருவது. வெர்னேய் நீலம் சுண்ணாம்பு பூசியது போன்ற நீலப்பச்சையாக ஒளிர்வது 254 நானோமீட்டர் குறுஅலையில். சூடாக்கிய இயற்கை நீலக்கல்லும் சில நேரம் அப்படியே ஒளிரும். குறுஅலை விளக்கு கண்ணையும் தோலையும் பாதிக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

பச்சைக்கு வேறு வழி. மரகதம் பெரில் வகைக் கனிமம். அது வெர்னேய் முறையில் வளராது, ஏனென்றால் உருக்கினால் பெரிலாகவே திரும்ப உறைவதில்லை. ஆகவே பச்சைக் கல்லில் வளைகோடும் உருண்டைக் குமிழியும் தெரிந்தால் அது செயற்கை மரகதம்கூட இல்லை. கண்ணாடி, செயற்கை ஸ்பினல் போன்ற வேறு பொருள். செயற்கை மரகதம் இரண்டு வழிகளில் வருகிறது: ஒன்று ஃப்ளக்ஸ், மற்றது உயர் அழுத்த வெந்நீரில் வளர்க்கும் ஹைட்ரோதெர்மல் முறை. ஃப்ளக்ஸ் மரகதத்தின் ஒளிவிலகல் எண் 1.561 முதல் 1.564 வரை, அடர்த்தி 2.66-ஐ ஒட்டி. இயற்கை மரகதம் பொதுவாக 1.577 முதல் 1.583 வரை, அடர்த்தி 2.72. ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கிடைத்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். கல்லுக்கும் அந்தக் கருவிக்கும் இடையே வைக்கும் தொடு திரவத்தைக் குண்டூசித் தலை அளவுக்கு மேல் வைக்காதீர்கள். தராசில் அடர்த்தி வேறுபாட்டைப் பிடிப்பது கடினம். உங்கள் 0.400 கிராம் கல்லுக்கு இயற்கை என்றால் 0.147, ஃப்ளக்ஸ் என்றால் 0.150 காட்டும். அந்த 0.003 கிராம் கட்டியிருக்கும் இழையின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். ஹைட்ரோதெர்மல் கல்லோ எண்ணிலும் இயற்கையோடு ஒத்துப்போகும். அங்கே லூப் மட்டுமே கைகொடுக்கும்: அலைபோல, அம்புத்தலைபோல வளைந்து மடங்கும் வளர்ச்சிக்கோடுகள், ஆணித்தலை போன்ற ஒரு சிறு படிகமும் அதிலிருந்து கூம்பாக நீளும் வெற்றிடமும்.

இயற்கை மரகதத்தில் ஒழுங்கற்ற வெடிப்புகள், மைக்கா, கால்சைட், பைரைட் போன்ற படிகங்கள், ஒரே குழிக்குள் திரவமும் வாயுக்குமிழியும் சதுரமான உப்புப் படிகமும் சேர்ந்திருக்கும் மும்மை உட்கூறு ஆகியவற்றைத் தேடலாம். அந்த மும்மைக் குழி கொலம்பிய மரகதங்களுக்குப் பேர்போனது. உங்கள் கல்லில் உள்ள ஏகப்பட்ட கீற்றுகள் முறுகிய திரையாக இருக்கின்றனவா, மேற்பரப்பை எட்டும் வெடிப்புகளாக இருக்கின்றனவா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவது ஃப்ளக்ஸ் பக்கம் இழுக்கும். செல்சி ஃபில்டர் என்ற நிற வடிகட்டியை வாங்கச் சொல்வார்கள். அதில் சிவப்பாகத் தெரிந்தால் செயற்கை என்பது பாதி உண்மை. பல இயற்கை மரகதங்களும் சிவப்பாகவே தெரிகின்றன. அதற்குச் செலவழிக்க வேண்டாம். இந்தக் கல்லை எண்ணெயில் போட வேண்டாம், வெந்நீரிலோ அசிட்டோனிலோ அல்ட்ராசோனிக் கருவியிலோ கழுவவும் வேண்டாம். மரகத வெடிப்புகளை எண்ணெயோ ரெசினோ இட்டு நிரப்புவது பரவலான வழக்கம். அந்த நிரப்பு கலைந்தால் கல் ஒரே நாளில் வெளிறிவிடும். வெறும் தண்ணீரில் மூழ்கடித்துப் பார்ப்பது போதும்.

வைரம் சோதிக்கும் பேனா பற்றியும் ஒரு வார்த்தை. அது வெப்பம் எவ்வளவு விரைவாகக் கடத்தப்படுகிறது என்பதை அளப்பது. நிறக்கற்களில் இயற்கையா செயற்கையா என்று சொல்ல அதனால் முடியாது. வைரத்திலும் ஆய்வக வைரம் அசல் வைரம் என்றே காட்டும், வைரம் போலத் தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல்லும் வெப்பச் சோதனையில் தேறிவிடும்.

சிவப்பிலோ நீலத்திலோ வளைகோடு தெளிவாகத் தெரிந்துவிட்டால் ஆய்வகத்துக்குச் செலவழிக்கத் தேவையில்லை. தெரியாவிட்டால், இயற்கை என்று நீங்களே முடிவு செய்யாமல் நகை விற்பனையில் ஈடுபடாத ஒரு மணிக்கல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பச்சையை எப்படியும் அனுப்பத்தான் வேண்டும். அறிக்கை கேட்கும்போது, இயற்கையா என்பதோடு என்ன பதப்படுத்தல் நடந்திருக்கிறது, நிரப்பு இருந்தால் எந்த அளவு என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு கல்லின் எடையை 0.01 கேரட் வரையும், நீளம், அகலம், ஆழத்தை மில்லிமீட்டரிலும் குறித்து, லூப்பில் தெரியும் ஓரிரு அடையாளங்களை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவது அதே கல்தானா என்று சரிபார்க்க அவை தேவைப்படும். மூன்றையும் ஒரே பொட்டலத்தில் போடாதீர்கள். குருந்தம் மரகதத்தைக் கீறிவிடும்.